தோழர்களின் மது மஜ்லிஸில் முஸ்லிம் அமரலாமா?

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் பொறியாளராகப் பணி புரியும் ஒரு தம்பி, ஒரு வெள்ளிக்கிழமை மக்ரிபு தொழுகைக்குப் பின் என்னிடம் வந்து அமர்ந்தார். தெற்கத்திச் சீமைக்காரர். இங்கே வாடகை அறையில் தனியாகத் தங்கியிருப்பவர். ஐவேளைத் தொழுகையில் பேணுதல் உள்ளவர். "ஹஜ்ரத், ஒரு மஸ்அலா கேட்க வேண்டும்" என்றார்.

அவருடைய பிரிவில் எட்டுப் பேர். எல்லோரும் ஒன்றாக பெங்களூர் செல்கிறார்கள். அங்கிருந்து நந்தி மலைப் பக்கத்தில் உள்ள திராட்சைத் தோட்டம் ஒன்றுக்குப் போவதாகத் திட்டம். தோட்டத்தைச் சுற்றிப் பார்ப்பது, ஒயின் வடிக்கும் கூடத்தைக் காண்பது, ஐந்தாறு வகைகளை ருசி பார்ப்பது, பிறகு எல்லோரும் சேர்ந்து உணவு உண்பது.

"நான் குடிக்க மாட்டேன் ஹஜ்ரத். இதுவரை தொட்டதும் இல்லை. பழரசம் வாங்கிக்கொள்வேன். அவர்களோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பது மட்டும்தான். அதுவும் குற்றமா?"

சற்று நேரம் கழித்து இன்னொன்றும் சொன்னார். வெளிநாட்டிலிருந்து வந்த வாடிக்கையாளர் ஒருவர், இவர் செய்த வேலையில் மகிழ்ந்து, மரப் பெட்டியில் வைத்த ஒரு பழைய ஒயின் புட்டியை அன்பளிப்பாகக் கொடுத்துச் சென்றிருக்கிறார். விலை உயர்ந்தது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். "அலமாரியில் இருக்கிறது ஹஜ்ரத். கொட்ட மனம் வரவில்லை. குடிக்கிற நண்பர் ஒருவருக்குக் கொடுத்தால் அவராவது சந்தோஷப்படுவார் அல்லவா?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் இதே போன்ற கேள்விக்கு வேறொரு வாலிபரிடம் ஒரே சொல்லில் பதில் சொல்லி அனுப்பியவன் நான். அதன் விளைவு இன்றும் என் நெஞ்சை உறுத்துகிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

குடிகாரனைப் பற்றிய கேள்வி அல்ல இது

மதுவைப் பற்றி நம் மிம்பர்களில் பேசும்போது நாம் பெரும்பாலும் குடிகாரனைத்தான் முன்னால் நிறுத்துகிறோம். தெருவில் விழுந்து கிடப்பவன், மனைவியின் கண்ணீர், அடகுக் கடைக்குப் போன தாலி. 2023 மே மாதம் மரக்காணம் பகுதியில் விஷச் சாராயம் குடித்து மாண்டவர்களையும், 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் மாண்ட அறுபதுக்கும் மேற்பட்டவர்களையும் எடுத்துக் காட்டுகிறோம். அனைத்தும் உண்மை. கல் நெஞ்சும் கரையும் உண்மை.

ஆனால் அந்தத் தம்பி கேட்டது அதுவன்று. அவர் அமரப் போகும் மேசையில் யாரும் தள்ளாட மாட்டார்கள். யாரும் ஏச மாட்டார்கள். படித்தவர்கள், பண்பாகப் பேசுபவர்கள். கோப்பையைச் சுழற்றி மணம் பார்ப்பார்கள். நிறத்தைப் பற்றியும், திராட்சை விளைந்த மண்ணைப் பற்றியும், அந்த ஆண்டின் மழையைப் பற்றியும் உரையாடுவார்கள்.

இந்த வழக்கம் நம் நாட்டில் வேரூன்றி வருகிறது. நந்தி மலை அடிவாரத்தில் குரோவர் தோட்டம் 1988-ல் தொடங்கிற்று. மராட்டிய மாநிலம் நாசிக்கில் சுலா என்னும் நிறுவனம் 1999-ல் தொடங்கப்பட்டு, 2008 முதல் இசையும் மதுவும் சேர்ந்த பெருவிழாவையும் நடத்தத் தொடங்கியது. அறுவடைக் காலத்தில் திராட்சையைக் காலால் மிதித்து விளையாடுவதற்கென்றே அங்கு மக்கள் போகிறார்கள். நம் தமிழகத்திலும் 2023 ஏப்ரலில், திருமண மண்டபங்களிலும் விளையாட்டரங்குகளிலும் கூடச் சிறப்பு உரிமத்தின் பேரில் மது பரிமாறலாம் என்று அரசாணை வந்தது. எதிர்ப்புக் கிளம்பிய பின் திருமண மண்டபங்கள் மட்டும் நீக்கப்பட்டன.

எனவே மது இன்று சாக்கடை ஓரத்திலிருந்து மட்டும் வரவில்லை. கலை என்ற பெயரிலும், நட்பு என்ற பெயரிலும், நல்ல உடை உடுத்தி வருகிறது. அப்படி வரும்போது குடிகாரனின் கதையைச் சொன்னால், "எங்கள் மேசையில் அப்படி யாரும் இல்லையே ஹஜ்ரத்" என்று அந்தத் தம்பி சொல்லிவிடுவார். அவர் சொல்வதும் சரிதான். ஆகவே அவருக்குரிய பதிலை வேறிடத்தில் தேட வேண்டும்.

மதீனாவில் ஒரு மஜ்லிஸ்

அந்தப் பதில் மதீனாவில், அபூதல்ஹா (ரலி) அவர்களின் வீட்டில் இருக்கிறது.

மது முற்றிலும் தடுக்கப்படுவதற்கு முந்திய நேரம். அந்த வீட்டில் நண்பர்கள் கூடியிருக்கிறார்கள். அந்த மண்ணில் விளைந்த பேரீச்சங்காயிலிருந்து வடித்த பானத்தைச் சிறுவர் அனஸ் (ரலி) அவர்கள் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அமர்ந்திருந்தவர்கள் யார்? இந்த உம்மத்தின் நம்பிக்கைக்குரியவர் எனப் பெருமானார் (ஸல்) அவர்களால் புகழப்பட்ட அபூஉபைதா (ரலி) அவர்கள். குர்ஆன் ஓதுவோரில் தலைசிறந்த உபை இப்னு கஅப் (ரலி) அவர்கள். குடிகாரக் கூட்டமா அது? அல்ல. கண்ணியமிக்க தோழர்களின் கூட்டம்.

அப்போது தெருவில் ஒருவர் அறிவித்துக்கொண்டு வருகிறார்: மது விலக்கப்பட்டுவிட்டது! உடனே அபூதல்ஹா (ரலி) அவர்கள் அனஸிடம் எழுந்து போய் அனைத்தையும் கொட்டிவிடச் சொல்கிறார்கள். செய்தி மெய்தானா என்று விசாரிக்க ஆள் அனுப்பவில்லை. ஊற்றியதை மட்டும் முடித்துவிடலாம் என்றும் சொல்லவில்லை. மதீனாவின் தெருக்களில் மது ஓடிற்று என்று புகாரி ஷரீபில் வருகிறது.

அன்பர்களே, இங்கே சற்று நின்று யோசியுங்கள். அன்று அந்த வீட்டில் உடைந்தது எது? ஜாடிகள். அந்தத் தோழர்களின் நட்பு உடைந்ததா? இல்லவே இல்லை. அபூஉபைதாவையும் அபூதல்ஹாவையும் நாயகம் (ஸல்) அவர்களே சகோதரர்களாக இணைத்து வைத்திருந்தார்கள் என்பது முஸ்லிம் ஷரீபில் காணும் செய்தி. அவர்களைப் பிணைத்தது கோப்பை அன்று; எனவே கோப்பை போனபோது பிணைப்புப் போகவில்லை. எந்த நட்பு கோப்பை போனதும் போய்விடுமோ, அது ஏற்கனவே கோப்பையின் நட்புத்தான். நம்முடைய நட்பு அன்று.

சுவை குற்றமா?

"மார்க்கம் இன்பத்தையே வெறுக்கிறது" என்று சிலர் எண்ணுகிறார்கள். தவறு. உலர்ந்த திராட்சையை நீரில் ஊற வைத்த இனிய பானத்தைப் பெருமானார் (ஸல்) அவர்கள் விரும்பி அருந்தினார்கள். அன்றும், மறுநாளும், அதற்கடுத்த நாளின் மாலை வரையிலும் அருந்துவார்கள். அதற்கு மேல் எஞ்சியதை அருந்தாமல் விட்டுவிடுவார்கள். சுவனத்தில் மது ஆறுகள் உண்டென்று சூரத்து முஹம்மதின் 15-ஆம் வசனம் கூறுகிறது. அதில் தலைவலியோ அறிவு மயக்கமோ இராது என்று வேறு வசனங்கள் கூறுகின்றன. இன்பம் அங்கே நிலைத்திருக்கிறது. அறிவைக் கெடுக்கும் கேடுதான் நீக்கப்பட்டிருக்கிறது. பேரீச்சை, திராட்சைக் கனிகளிலிருந்து மனிதர் போதைப் பொருளையும் எடுக்கிறார்கள், நல்ல உணவையும் எடுக்கிறார்கள் என்று சூரத்துந் நஹ்லின் 67-ஆம் வசனம் இரண்டையும் பிரித்துக் காட்டுகிறது. கனி ஒன்று, வழி இரண்டு.

இதை விளங்கிக்கொள்ள நாசிக் வரை போக வேண்டியதில்லை. நம் பழவேற்காட்டுப் பக்கம் போனால் போதும். அங்கே முஸ்லிம் பெண்மணிகள் பனையோலையில் பெட்டியும் கூடையும் முடைகிறார்களே, அந்தப் பனையிலிருந்துதான் பதநீரும் வருகிறது, கள்ளும் வருகிறது. மரம் ஒன்று, பாளை ஒன்று, சாறும் ஒன்று. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் சாறு புளிக்காமல் பதநீராக இறங்கும். சுண்ணாம்பு தடவாவிட்டால் அதே சாறு காற்றில் இருக்கும் நொதியால் புளித்துக் கள்ளாகிவிடும். திராட்சையும் இப்படித்தான். நொதி அதன் இனிப்பைத் தின்று போதையாக மாற்றுகிறது. ஒயினில் நூற்றுக்கு 12 முதல் 14 பங்கு வரை இருப்பது அந்தப் போதைச் சாரமே.

ஷரீஅத்தின் ஹத்து, அதாவது எல்லை, கலயத்தில் தடவிய சுண்ணாம்பைப் போன்றது. அது சாற்றைக் கெடுப்பதில்லை. சாற்றின் இனிமையைக் காக்கிறது.

"கொஞ்சம் ருசி பார்த்துவிட்டுத் துப்பிவிட்டால்?" என்று கேட்போரும் உண்டு. ஒயின் ருசி பார்க்கும் இடங்களில் துப்புவதற்கென்றே பாத்திரம் வைத்திருக்கிறார்களாம். அதிகம் அருந்தினால் போதை தரும் பொருளில் சிறிதளவும் ஹராம் என்பது ஹதீஸ். திராட்சை, பேரீச்சை, தேன், கோதுமை, வாற்கோதுமை ஆகியவற்றிலிருந்து அன்று மது உண்டாக்கப்பட்டதையும், அறிவை மறைப்பது எதுவோ அதுவே மது என்பதையும் ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் மிம்பரில் நின்று விளக்கினார்கள். ஹனஃபி மத்ஹபின் பழைய நூல்களில் திராட்சை மதுவுக்கும் பிறவற்றுக்கும் இடையே சில வேறுபாடுகள் பேசப்பட்டிருந்தாலும், இமாம் முஹம்மது (ரஹ்) அவர்களின் சொல்லின்படி எல்லா வகையும், சிறிதாயினும் பெரிதாயினும், கூடாது என்பதே ஃபத்வா. ஷாஃபிஈ மத்ஹபில் இதில் பேச்சே இல்லை. திராட்சை ஒயினோ நஜீஸும் ஆகும். நஜீஸை நாவில் வைத்து ருசி பார்ப்பது எப்படி ஆகுமாகும்?

அமர்வது மட்டும்தானே?

தம்பியின் உண்மையான கேள்வி இதுதான். தான் குடிக்காதபோது அமர்வதில் என்ன குற்றம்?

அல்லாஹ்வையும் இறுதி நாளையும் நம்பியவர் மது பரிமாறப்படும் தஸ்தர்கானில் அமர வேண்டாம் என்ற கருத்தில் நபிமொழி திர்மிதியில் வந்துள்ளது. குடிப்பதைப் பற்றியதன்று அது, அமர்வதைப் பற்றியது என்பதைக் கவனியுங்கள். கலீஃபா உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்களிடம் மது அருந்திய ஒரு கூட்டத்தைக் கொண்டு வந்தார்கள். அவர்களில் ஒருவர் நோன்பாளி, அவர் குடிக்கவில்லை என்று சொல்லப்பட்டது. அவரிடமிருந்தே தண்டனையைத் தொடங்குங்கள் என்றார்கள் கலீஃபா. சூரத்துந் நிஸாவின் 140-ஆம் வசனத்தை அதற்கு ஆதாரமாகக் காட்டினார்கள். தவறு நடக்கும் மஜ்லிஸில் அமர்ந்திருப்பவரும் அவர்களைப் போன்றவராகிவிடுவார் என்பது அதன் கருத்து.

இதில் என்ன ஞானம்? நாம் ஓர் இடத்தில் அமர்வது ஒரு சாட்சி. வாய் பேசாவிட்டாலும் நம் இருப்புப் பேசுகிறது. குடிக்காத நல்லவர் ஒருவர் அந்த மேசையில் சிரித்துக்கொண்டு அமர்ந்திருந்தால், தயங்கிக்கொண்டிருக்கும் இன்னொருவர், "அவரே இருக்கிறாரே" என்று துணிவு கொள்கிறார். முதன்முதல் அங்கே வரும் முஸ்லிம் இளைஞர் ஒருவருக்கு நம் தம்பியே வழிகாட்டியாகிவிடுவார், அவர் அறியாமலே.

இன்னொரு நுட்பம். அரபியில் மதுக்கூட்டத் தோழனுக்கு "நதீம்" என்று பெயர். பாவத்துக்காக வருந்துவதற்கு "நதாமத்" என்று பெயர். இரண்டுக்கும் மூல எழுத்துகள் நூன், தால், மீம் என்பவையே. மதரஸாவில் சர்ஃபு ஓதும்போது இதைக் கண்டு வியந்திருக்கிறேன். மதுவையும் சூதையும் கொண்டு உங்களுக்கிடையே பகைமையையும் வெறுப்பையும் உண்டாக்க ஷைத்தான் விரும்புகிறான் என்ற கருத்தைச் சூரத்துல் மாயிதாவின் 91-ஆம் வசனம் சொல்கிறது. மதுவின் தீமையாக ஈரல் கெடுவதையோ பணம் கரைவதையோ அந்த வசனம் முதலில் சொல்லவில்லை. நட்பு கெடுவதைச் சொல்கிறது. எந்த நட்பின் பெயரால் கோப்பை நீட்டப்படுகிறதோ, அந்த நட்பையே அது அரிக்கிறது. கோப்பை கையில் இருக்கும்போது சொன்ன வாக்கு மறுநாள் நினைவில் இருப்பதில்லை. சொல்லக் கூடாத சொல் மட்டும் கேட்டவர் நெஞ்சில் தங்கிவிடுகிறது. அதிகம் குடிக்காவிட்டாலும் உடலுக்குத் தீங்கற்ற அளவு என்று ஒன்று இல்லை என உலகச் சுகாதார நிறுவனம் 2023-ல் கூறிவிட்டது. அது மருத்துவர்களின் பேச்சு. நாம் அதற்காகக் காத்திருந்து விலகியவர்கள் அல்லர்.

அப்படியானால் பிற மத நண்பர்களை விட்டு ஒதுங்கிவிட வேண்டுமா? ஒருபோதும் இல்லை. நம்மோடு மார்க்கத்தின் பேரில் போர் செய்யாதவர்களுக்கு நன்மை செய்வதையும் நீதி செய்வதையும் அல்லாஹ் தடுக்கவில்லை என்பதைச் சூரத்துல் மும்தஹினாவின் 8-ஆம் வசனம் தெளிவாக்குகிறது. அவர்களோடு வேலை செய்யலாம், பயணம் செய்யலாம், ஆகுமான உணவைச் சேர்ந்து உண்ணலாம், நோயுற்றால் நலம் விசாரிக்கலாம். அலுவல் கூட்டத்துக்கு அழைத்தால் போக வேண்டியதுதான். மது பரிமாறும் நேரம் வந்ததும் இன்முகத்தோடு விடைபெற்று எழுந்துவிட வேண்டும். விலக வேண்டியது மேசையை, மனிதரை அல்ல.

மரப் பெட்டியில் இருக்கும் புட்டி

இனி அந்த அன்பளிப்பு. இதற்கும் நேரடியான முன்மாதிரி இருக்கிறது. ஒருவர் நாயகம் (ஸல்) அவர்களுக்குத் தோற்பை நிறைய மது கொண்டுவந்து அன்பளிப்பாகக் கொடுத்தார். அல்லாஹ் இதை விலக்கிவிட்டதை நீர் அறியவில்லையா என்று நாயகம் கேட்டார்கள். அறியவில்லை என்றார் அவர். அவரை ஏசவில்லை, கடிந்துகொள்ளவில்லை. வந்தவர் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ இரகசியமாகச் சொன்னார். என்ன சொன்னீர் என்று கேட்க, விற்றுவிடச் சொன்னேன் என்றார். இதை அருந்துவதைத் தடுத்தவன் விற்பதையும் தடுத்துவிட்டான் என்று நாயகம் விளக்கினார்கள். அவர் பையின் வாயைத் திறந்தார். இருந்தது அனைத்தும் தரையில் ஓடிற்று.

மது விஷயத்தில் பத்துப் பேர் சபிக்கப்பட்டவர்கள் என்று ஹதீஸில் வருகிறது. அவர்களில் குடிப்பவர் மட்டுமல்ல, பரிமாறுபவரும் உண்டு, சுமந்து செல்பவரும் உண்டு, யாருக்காகச் சுமக்கப்பட்டதோ அவரும் உண்டு. ஆகவே குடிக்கும் நண்பருக்குக் கொடுப்பதும் கூடாது. நமக்குக் கேடு என்று நம்புவதைத் தோழருக்குப் பரிசாகக் கொடுப்பது என்ன தோழமை?

"சிர்க்காவாக மாற்றிச் சமையலுக்கு வைத்துக்கொள்ளலாமா?" என்று வீட்டுப் பெண்மணிகள் கேட்கக் கூடும். தானாகவே சிர்க்காவாகிவிட்ட மது தூய்மையானது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. எதையேனும் கலந்து மாற்றுவதை ஹனஃபிகள் அனுமதிக்கிறார்கள், ஷாஃபிஈகள் அனுமதிப்பதில்லை. தம் பொறுப்பில் இருந்த அநாதைகளுக்கு வாரிசாக வந்த மதுவைச் சிர்க்காவாக்கலாமா என்று அதே அபூதல்ஹா (ரலி) அவர்கள் கேட்டபோது, கொட்டிவிடும்படியே பதில் வந்தது. அநாதையின் சொத்தாக இருந்தும் அப்படி! எனவே கொட்டிவிடுவதே பேணுதல்.

ஆனால் கொடுத்தவரின் அன்பைக் கொட்டிவிடாதீர்கள். அவருக்கு நன்றி சொல்லுங்கள். எங்கள் மார்க்கத்தில் இது விலக்கப்பட்டது என்பதைப் பணிவோடு சொல்லுங்கள். அடுத்த முறை அவர் வேறொன்றைக் கொண்டுவருவார்.

என் தவறு

இனி நான் சொல்வதாகச் சொன்ன செய்தி. சில ஆண்டுகளுக்கு முன் இதே கேள்வியோடு ஒரு வாலிபர் வந்தார். அவரும் தனி அறைவாசி. "ஹராம், எழுந்து வந்துவிடும்" என்று சொல்லி ஹதீஸையும் ஓதிக்காட்டி அனுப்பிவிட்டேன். சட்டத்தில் பிழை இல்லை. அவரும் கேட்டார். அந்த நண்பர்களை விட்டு விலகினார். ஞாயிற்றுக்கிழமைகளில் அறையில் தனியே கிடந்தார். பள்ளியில் தொழுதுவிட்டுப் போகும்போது ஸலாம் சொல்வார். நாமும் பதில் சொல்வோம். அவ்வளவுதான். ஒரு நாளாவது "வாருங்கள் தம்பி, வீட்டில் சாப்பிடலாம்" என்று எங்கள் மஹல்லாவில் ஒருவரும் அழைக்கவில்லை. நானும் அழைக்கவில்லை. ஒரு பெருநாளன்று உணவு விடுதியில் தனியாகச் சாப்பிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். மெல்ல மெல்லப் பள்ளிக்கு வருவதும் குறைந்தது. கடைசியில் அவர் திரும்பிப் போனது அந்தப் பழைய மேசைக்கே. இம்முறை பழரசத்தோடு நிற்கவில்லை.

ஒரு தஸ்தர்கானை மூடச் சொன்னேன். வேறொரு தஸ்தர்கானை விரிக்கவில்லை. அதுதான் என் தவறு.

மது அருந்திப் பலமுறை தண்டனை பெற்ற ஒருவரை ஸஹாபாக்களில் ஒருவர் சபித்தபோது, அவரைச் சபிக்காதீர்கள், அவர் அல்லாஹ்வையும் அவன் ரஸூலையும் நேசிப்பவர் என்று தடுத்தார்கள் கருணை நபி (ஸல்) அவர்கள். தண்டனையும் நிற்கவில்லை, நேசமும் நிற்கவில்லை. நாமோ சட்டத்தை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு நேசத்தைக் கீழே வைத்துவிட்டோம்.

இந்த முறை தம்பியிடம் எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னேன். அவர் தலைகுனிந்து கேட்டுவிட்டு, "பெங்களூர் வரை போகிறேன் ஹஜ்ரத், தோட்டத்துக்குப் போகவில்லை. சொல்லிவிடுகிறேன்" என்றார். புட்டியை அன்றிரவே கொட்டிவிட்டார். பிறகு அவர் கேட்டது ஒரு கேள்வி: "அவர்களை நான் விருந்துக்கு அழைக்க வேண்டும் என்கிறீர்கள். எங்கே அழைப்பேன்? எனக்கு இருப்பது ஓர் அறை. விரிக்க ஒரு பாய்தான் உண்டு."

அந்தக் கேள்வி எனக்கல்ல, நம் எல்லோருக்கும். எங்கள் மஹல்லாவில் ஒரு வீட்டார் தங்கள் கூடத்தைக் கொடுத்தார்கள். அந்த வீட்டுப் பெரியம்மா பிரியாணியும் தால்சாவும் சமைத்தார்கள். தம்பியின் நண்பர்களில் ஐவர் வந்தார்கள், இருவர் வரவில்லை. பதநீர்க் காலமாக இருந்ததால் பழவேற்காட்டிலிருந்து பதநீரும் வந்தது. சஹனைச் சுற்றி அமர்ந்து இரவு பத்து மணி வரை பேசிக்கொண்டிருந்தார்கள். வராத இருவர் தம்பியோடு முன்போல் பழகுவதில்லை. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்; மார்க்கத்தைப் பேணுவதற்குச் சில வேளைகளில் விலை உண்டு.

திருவள்ளூரிலும் காக்களூரிலும் கும்மிடிப்பூண்டியிலும் ஊர் விட்டு ஊர் வந்து அறை எடுத்துத் தங்கியிருக்கும் நம் பிள்ளைகள் எத்தனையோ பேர். அவர்களுக்கு ஹராம் எது என்று நாம் சொல்கிறோம், சொல்லத்தான் வேண்டும். ஆனால் இந்த வாரம் அவர்களில் ஒருவர் உங்கள் வீட்டுச் சஹனில் கை வைத்தாரா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் தம் நண்பர் ஒருவரையும் அழைத்து வரலாமா என்று கேட்டால், "தாராளமாக வரட்டும்" என்று சொல்லுங்கள்.

வல்ல நாயன் நம் பிள்ளைகளைத் தீய மஜ்லிஸ்களிலிருந்து காத்தருள்வானாக! நம் வீடுகளின் தஸ்தர்கான்களை விரிவாக்குவானாக! ஆமீன்.